கோடு போட்ட டிரம்

என் வீட்டுக்காரிக்குக் கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் ரயிலில் வேலை பார்த்து ஊர் ஊராகச் சுற்றியவர். சொந்த வீட்டுக்கு வந்தாலே விருந்தாளி மாதிரித்தான் உட்காருவார். என் வீட்டுக்காரிக்கு அடுத்தவள் ஒரு தங்கை. அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்குத் தனியாக ஆள் போட வேண்டும். கடைக்குட்டியாகப் பிறந்தவன் என் மச்சினன். இந்தக் கதை அவனுடையது. மற்ற இருவரும் இத்தோடு எழுந்து போகலாம், இனிமேல் அவர்களுக்கு இங்கே வேலை இல்லை.

மச்சினனுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான். 'வாஷர்' என்றால்தான் திரும்புவான். சின்ன வயதிலேயே பம்பு ரிப்பேரும் குழாய் வேலையும் கற்றுக்கொண்டவன். எங்கே இரண்டு பொருளுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தாலும் அவன் கை தானாகச் சட்டைப்பைக்குள் போகும், ஒரு ரப்பர் வாஷர் வெளியே வரும். கட்டில் காலுக்கு வாஷர், மேஜைக்கு வாஷர், ஜன்னலுக்கு வாஷர். எங்கள் வீட்டு வாசல்கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று ஒரு தடவை அவன் காதுபட வாய்விட்டேன். அன்றைக்கே வந்து ரப்பர் வைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் அந்தக் கதவு அடித்துக்கொண்டதே இல்லை. திறந்ததும் இல்லை. நாங்கள் கொல்லைப்பக்கமாகத்தான் போய்வருகிறோம்.

அவனுக்குக் கண் ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் வேலை. பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், துணி உலர்த்துகிற இடத்தைத் தாண்டினால் ஒரு நீளக் கட்டிடம். அதில் ஒரு அறை முழுக்கக் கண்ணாடித் தொட்டி, தொட்டி நிறைய மீன். அந்த அறையின் பம்பு கெட்டுப்போனது என்று ஒருநாள் வேலைக்கு இவனைக் கூப்பிட்டார்கள். போனவன் திரும்பவே இல்லை. தண்ணீரின் சூடு பார்ப்பது, அழுக்கு வடிகட்டுவது, மீனுக்குத் தீனி போடுவது எல்லாம் இவன் பொறுப்பாகிவிட்டது. சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் அவன் பட்ட பாடு இருக்கிறதே.

"தம்பி என்ன பண்றீங்க?"

"மீன் வளக்கறேங்க."

"ஓ. மொத்த வியாபாரமா, சில்லறையா?"

"விக்கறதில்லைங்க."

"அப்ப வீட்டுச் சாப்பாட்டுக்கா?"

"சாப்பிடறதும் இல்லைங்க. அதுக்குக் கண்ணு தெரியுதான்னு பாக்கறோம்."

கேட்டவர் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க மச்சினனுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்பார்.

எனக்கு அவன் சொல்லி விளங்கின மட்டும் சொல்கிறேன். கண்ணுக்குள்ளே பின்சுவரில் ஒரு திரை ஒட்டியிருக்கிறது. ரெட்டினா என்கிறார்கள். வெங்காயத்தோலைப் போல மெல்லிசு. வெளிச்சம் அதன் மேல் விழுகிறது. அது விழுந்ததைச் சேதியாக மாற்றி நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகிறது. நாம் கண்ணால் பார்க்கிறோம் என்று சொல்வது பேச்சுக்குத்தான்; பார்ப்பது மூளை, கண் அதற்கு வாசல். மனிதர்களுக்கு அந்தத் திரை கெட்டால் கெட்டதுதான், மறுபடி முளைக்காது. அந்தத் தொட்டியில் இருக்கிற மீனுக்கு முளைக்கிறது. விரலில் ஒரு கணு நீளம்கூட இருக்காது அந்த மீன். அதன் திரை கருகினால் உள்ளிருந்தே புதுத் திரை வளர்த்துக்கொள்கிறது. எப்படி வளர்க்கிறது, வளர்த்த பிறகு பார்வை திரும்புகிறதா, இதுதான் அங்கே கேள்வி.

இவன் அங்கே சேர்ந்து சில வருஷம் கழித்து இவன் மனைவிக்கே அந்தத் திரை கெட ஆரம்பித்தது. திரையின் நடுப்பகுதி மட்டும். யாரையாவது நேராகப் பார்த்தால் அவர்கள் முகம் இருக்கிற இடத்தில் ஒன்றுமே இருக்காதாம், காது மட்டும் இரண்டு பக்கமும் தெரியுமாம். அதனால் முகம் தெரிய வேண்டுமானால் வேறெங்கோ பார்ப்பாள். என்னிடம் பேசும்போது என் தோளுக்கு மேலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவாள். விஷயம் தெரியாத உறவுக்காரர்கள், "உங்க மச்சினன் பொண்டாட்டிக்கு முகம் கொடுத்துப் பேசத் தெரியாதா?" என்று எங்களிடம் வந்து புகார் சொன்னார்கள். அவளிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் நேராப் பாத்தா அவங்களுக்குத் தலையே இருக்காது அண்ணா. அது பரவாயில்லையான்னு கேட்டுச் சொல்லுங்க."

இனிச் சரியாகாது என்று ஆஸ்பத்திரியில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள் என்றதும் மச்சினன் நேராக ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மாவிடம் போனான். அவர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து அந்தப் பட்டம் வாங்கியவர். கறாரான மனுஷி.

"அண்ணே, உங்க வீட்டுல அவங்களுக்கு நான் எந்த வாக்கும் குடுக்க மாட்டேன்," என்றாராம் எடுத்த எடுப்பிலேயே. "மீனுக்கு முளைக்கறது மனுஷனுக்கு எப்ப முளைக்கும்னு எனக்குத் தெரியாது. நம்ம காலத்துல நடக்காமலே போகலாம்."

இவன், "சரிம்மா. இன்னிக்கு எந்தத் தொட்டியக் கழுவணும்?" என்று கேட்டிருக்கிறான்.

அந்தக் கேள்விக்குப் பிறகு அவன் அங்கே வெறும் குழாய்க்காரன் இல்லை. லீவு நாளிலும் போய்த் தண்ணீரின் சூட்டைப் பார்த்துவிட்டு வருவான். என் வீட்டுக்காரி, "பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னா இப்படித் தொட்டுப் பாப்பியாடா?" என்று கேட்பாள். பார்ப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டரம்மாவின் கீழே ஒரு பெண் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் இரண்டு பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு மூன்றாவது பேனாவைத் தேடுகிற பெண். அவளுடைய வேலை இப்படி. பளீரென்ற விளக்கு வெளிச்சத்தில் மீன்களை விட்டால் அவற்றின் திரை கருகிவிடும். பிறகு பாதி மீன்களைத் தம் போக்கில் திரை வளர்க்க விடுவாள். மறுபாதிக்கு ஒரு மருந்து கொடுத்து, திரை வளரவிடாமல் தடுத்து வைப்பாள். வளர்ந்த மீனுக்குப் பார்வை வந்ததா என்று மீனிடமே கேட்க முடியாதல்லவா? அதற்குத்தான் டிரம். வட்டமான கண்ணாடி ஜாடிக்குள் மீன் இருக்கும், மேலிருந்து குனிந்து பார்ப்பார்கள். ஜாடியைச் சுற்றிப் பெரிய டிரம் ஒன்று மெல்லச் சுழலும். டிரம்மின் உட்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக நெட்டுக்குத்தான கோடுகள். கண் தெரிகிற மீன் அந்தக் கோடு போகிற பக்கமே தானும் போகும். தெரியாத மீன் சும்மா இருக்கும்.

முதலில் இருந்த டிரம் கையால் சுற்றுவது. துருப்பிடித்து, சுற்றும்போது ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தும். ஒருநாள் கைப்பிடியோடு உடைந்து போனது. புதிதாக வாங்கலாம் என்று ஆபீசில் கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். மச்சினன் சட்டைக்கையை மடித்தான்.

பெரிய பெயின்ட் டின் ஒன்றை வெட்டினான். உட்புறம் கறுப்பு டேப்பால் கோடு ஒட்டினான். கெட்டுப்போன டேபிள் ஃபேனிலிருந்து மோட்டாரைக் கழற்றி வேகத்தைக் குறைத்துப் பொருத்தினான். ஜாடி வைக்கிற தட்டுக்குக் கீழே, டிரம்மைச் சுற்றுகிற மோட்டாரின் தண்டு வந்தது. ஓட விட்டால் உய்ங்கென்று ஒரு சத்தம். மீன் மிரளும் என்று இவனுக்கு மனசு கேட்கவில்லை. தண்டுக்கும் தட்டுக்கும் நடுவில் நூலிழை இடைவெளி இருந்தது. பார்த்தவன் விடுவானா? சட்டைப்பைக்குள் கை போனது. வாஷரை வைத்து இறுக்கினான். சத்தம் நின்றுபோனது. பூனை நடந்தாற்போல் டிரம் சுற்றியது.

பார்க்க வா என்று என்னையும் அழைத்துப் போனான். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. மீனின் விலாவிலும் கோடு, டிரம்மிலும் கோடு. கோடு போட்ட மீன் கோட்டைத் துரத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. ஆராய்ச்சிப் பெண் கைதட்டினாள். டாக்டரம்மாவே, "பிரமாதம் அண்ணே," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை யாரும் அதற்கு முன் கேட்டதில்லையாம். இவன் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

சில மாதம் போனது. ஒருநாள் ஆராய்ச்சிப் பெண் டிரம் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மருந்து கொடுத்துத் தடுத்து வைத்திருந்த மீன், திரையே இல்லாத மீன், கோட்டின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்றை விட்டாள். அதுவும் சுற்றியது. திரை உள்ளதும் இல்லாததும் ஒன்றுபோலவே சுற்றின.

"திரை இல்லாம எப்படிம்மா பாக்கும்?" என்று அவள் டாக்டரம்மாவிடம் கேட்டபோது குரல் உடைந்துவிட்டதாம். உடையாதா? இது பொய்யானால் அவள் வேலை மொத்தமும் பொய். அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். தெளிவாக எதுவும் காட்ட முடியாவிட்டால் அவள் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, தொட்டிகளைக் காலிசெய்து, அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள்.

டாக்டரம்மா மச்சினனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, பழைய டிரம்ல இந்த மாதிரி மீன் நின்ன இடத்துல நின்னுச்சு. உங்க டிரம்ல சுத்துது. நடுவுல மாறினது என்ன?"

"மீன் மாறியிருக்கலாம்."

"அண்ணே."

"மருந்து மாறியிருக்கலாம். இப்பல்லாம் எதைத்தான் நம்ப முடியுது?"

"கோட்டு மேல வெள்ளைக் காகிதத்தை ஒட்டி மறைச்சிட்டு ஓட்டிப் பாப்போம். அப்பவும் மீன் சுத்துச்சுன்னா அது கோட்டைப் பாத்துச் சுத்தல. வேற எதையோ பிடிச்சிட்டுச் சுத்துது."

இவனுக்குச் சுருக்கென்றது. "என் டிரம் மேல நம்பிக்கை இல்லன்னா அடுத்த வருஷம் வர்ற டிரம்முக்குக் காத்திருங்க," என்று சொல்லிவிட்டு, இதேபோல இன்னொரு ஃபேனிலிருந்து கழற்றி வைத்திருந்த மோட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டான்.

வந்தது எங்கள் வீட்டுக்கு. கொல்லைப்பக்கமாக. டீ ஆறும்வரை புலம்பினான். "மாமா, நீங்களே பாத்தீங்கல்ல? ஒரு சத்தம் வந்துச்சா? ஒரு ஆட்டம் இருந்துச்சா?" நானும் என் பங்குக்கு, "படிச்சவங்களுக்கு அடுத்தவன் செஞ்சதுன்னாலே இளப்பம் மாப்ள," என்று எண்ணெய் ஊற்றினேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி தலையை நீட்டினாள்.

"அந்தம்மா ஒரு காகிதத்தை ஒட்டிப் பாக்கலாம்னுதானே சொன்னாங்க? ஒட்டினா உன் கௌரவம் கிழிஞ்சிடுமாடா? நீங்க ரெண்டு பேரும் உங்க வாய்க்கு ஒரு வாஷர் போட்டுக்குங்க."

கோபத்தோடு தன் வீட்டுக்குப் போனான். போனதும் சாப்பாட்டு மேஜையில் மோட்டாரை வைத்து ஓடவிட்டான். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தினான். விழவில்லை. "பாரு! ஆடுதா? ஒரு தீப்பெட்டியக்கூடத் தள்ளல," என்று மனைவியிடம் சொன்னான். நாளைக்கு டாக்டரம்மாவின் முன்னால் இதையே செய்து காட்டுவதாகத் திட்டம்.

அவள் அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நடுப்பார்வை போன பிறகு டம்ளர் நிறைந்ததா என்று தெரிந்துகொள்ள அவள் விளிம்புக்குள் ஒரு விரலை வைத்துக்கொண்டுதான் ஊற்றுவாள். ஊற்றியவள் விரலை எடுக்கவில்லை.

"அதை நிறுத்துங்க. தண்ணி ஆடுது."

"எங்க ஆடுது? நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். குளம் மாதிரி நிக்குது."

"பாக்கறீங்கல்ல, அதான் தெரியல. விரலை விடுங்க."

"குடிக்கற தண்ணில விரலை விடச் சொல்றியா?"

"கண்ணை மூடிட்டு விரலை விடுங்கங்கறேன்."

விட்டான். பிறகு ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்லையாம். தண்ணீருக்குள் ஏதோ மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாதது விரல் நுனிக்கு நன்றாகத் தெரிந்தது. மோட்டாரை நிறுத்தினான், உறுமல் நின்றது. போட்டான், வந்தது. மீனுக்கு விலா நெடுகத் தண்ணீரின் அசைவை உணர ஒரு கோடு இருக்கிறது என்று டாக்டரம்மா எப்போதோ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இவன் ஒரு விரலைத்தான் விட்டிருந்தான். மீன் முழு உடம்போடு உள்ளே இருக்கிறது.

"சாப்பிடுங்க," என்றாள்.

"இறங்கலடி."

"அப்ப காலைல போய் அந்தக் காகிதத்தை ஒட்டிட்டு வந்து சாப்பிடுங்க. நான் மூடி வைக்கறேன்."

மறுநாள் டாக்டரம்மா வரும்போது இவன் வாசலில் வெள்ளைக் காகிதத்தோடு நின்றிருந்தான். உள்ளே போய் ஒட்டினார்கள். கோடே இல்லை, டிரம் முழுக்க வெறும் வெள்ளை. திரையில்லாத மீனை ஜாடியில் விட்டு மோட்டாரைப் போட்டார்கள். மீன் ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு டிரம் போகிற பக்கமே சுற்ற ஆரம்பித்தது.

ஆராய்ச்சிப் பெண் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எதைப் பிடிச்சிட்டுச் சுத்துது?" என்றார் டாக்டரம்மா.

மச்சினன் மீனை எடுத்துவிட்டு, ஜாடியில் நல்ல தண்ணீர் நிரப்பி, மீன் தீனிப் பொடியை ஒரு சிட்டிகை தூவினான். குழாய்க்காரன், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அவனுக்குத் தெரிந்த வழி அது. பொடி மிதந்தது. டிரம்மைப் போட்டதும் பொடி வரிசை கட்டிக்கொண்டு வட்டமாக ஊர ஆரம்பித்தது. தண்டிலிருந்து வாஷர் வழியாகத் தட்டுக்கு, தட்டிலிருந்து ஜாடிக்கு, ஜாடியிலிருந்து தண்ணீருக்கு. சத்தம் வரக் கூடாதென்று வைத்த ரப்பர் தண்டின் சுழற்சியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து தண்ணீரில் விட்டிருந்தது. வாஷரைப் பிடுங்கினான். டிரம் உய்ங்கென்று கத்தியது. பொடி நின்ற இடத்தில் நின்றது.

"என் வேலைதாம்மா இது," என்றான்.

"ஆமாண்ணே," என்றார் டாக்டரம்மா. அவர் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. "ஆனா எதுன்னு இப்பத் தெரிஞ்சிடுச்சு."

"இந்த டிரம் வந்ததுக்கு அப்புறம் பாத்தது அத்தனையும் குப்பை," என்றாள் அந்தப் பெண் வாளி மேலிருந்தபடியே. "ஒண்ணக்கூட வெச்சுக்க முடியாது."

"மீனெல்லாம் உசிரோடதானே இருக்கு?"

"பாதிக்கு மேல இருக்கு."

"அப்புறம் என்னம்மா? மறுபடி பாப்போம்."

"நாள் எங்கண்ணே இருக்கு?"

"நாளை நீ பாத்துக்க. டிரம்மை நான் பாத்துக்கறேன்."

அந்த வாரம் அவனிடம் யாரும் பேச முடியவில்லை. என் வீட்டுக்காரி போன் போட்டால், "அக்கா, அப்புறம்," என்று வைத்துவிடுவான். வாஷர் வைத்த டிரம்மைப் பிரித்துப் போட்டான். ஜாடிக்கென்று தனியாக ஒரு கருங்கல் பலகை, அது தரையில் ஊன்றி நின்றது. இன்னொரு டின்னில் செய்த புது டிரம்மை மேஜையிலேயே வைக்கவில்லை; சுவரில் இரும்புக் கை அடித்து அதிலிருந்து தொங்கவிட்டான். மோட்டாரை அறைக்கு வெளியே, நடைபாதையில் வைத்தான். சுவரில் ஓட்டை போட்டு, தையல் மிஷின் பெல்ட்டுகளைக் கோத்து அதன் வழியாக டிரம்மைச் சுற்றவைத்தான். ஜாடிக்கும் டிரம்முக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு விரற்கடை வெற்றிடம். அதில் எதுவுமே இல்லை. அவன் வாழ்நாளில் ஒரு இடைவெளியைப் பார்த்துவிட்டுச் சும்மா விட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கை அரிக்கிறது என்று சட்டைப்பையிலிருந்த வாஷர்களை எல்லாம் எடுத்து மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போவானாம்.

ஒரு முறையும் ஏற்படுத்தினார்கள். எந்த மீனை விடுவதற்கு முன்னாலும் முதலில் பொடி. பொடி அசைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. அடுத்தது வெள்ளைக் காகிதம். அதற்கும் மீன் அசையாமல் இருந்தால்தான் கோடு.

ஒருநாள் மத்தியானம் எனக்குப் போன் வந்தது. மூச்சிரைக்கக் கத்தினான்.

"மாமா! மீனுக்குக் கண்ணு தெரியல மாமா!"

"அட பாவமே."

"பாவம் என்ன பாவம்! தெரியலங்கறேன். அந்தப் பொண்ணு சந்தோஷத்துல அழுவுது!"

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. கண் கெடாத மீன் கோட்டின் பின்னால் போனது; திரை வளரவிடாமல் தடுத்து வைத்த மீன் இப்போது கோடு போட்டாலும் சும்மா நின்றது. அதாவது டிரம் பொய் சொல்வதை நிறுத்திவிட்டது.

சந்தோஷம் அடுத்த நாளே வடிந்தது. திரை வளர்ந்த மீன்களை விட்டார்கள். அவையும் சும்மா நின்றன. அந்தக் கூட்டத்திலேயே சில மீன்களின் கண்ணை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருந்தார்கள். புதுத் திரை அழகாக முளைத்திருந்தது. ஆனாலும் மீன் கோட்டைச் சட்டை செய்யவில்லை.

"திரை முளைச்சா மட்டும் போதாது," என்றார் டாக்டரம்மா. "அதுலேர்ந்து மூளைக்கு நரம்பு பேசணும். மூளை அதைக் கேட்டுப் புரிஞ்சிக்கணும். அதுக்கு இன்னும் நாள் ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம்."

தினமும் பொடி, வெள்ளை, கோடு. தினமும் மீன் நின்றது.

மேலிடத்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். ஆராய்ச்சிப் பெண் எதையும் ஒளிக்கவில்லை. பழைய டிரம், புது டிரம், குப்பையான வேலை எல்லாவற்றையும் சொன்னாள். வந்தவர்களில் ஒருவர், "அந்த டிரம்மைச் செஞ்சது யாரு?" என்றார். மச்சினன் தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தான். "நான்தாங்க. இந்த டிரம்மும் நான்தான்." அவர் குனிந்து பொடியைப் பார்த்தார், அந்த விரற்கடை இடைவெளிக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தார். கடைசியில், "இதை வெச்சு எந்த முடிவும் சொல்ல முடியாது," என்று பாதித் தொட்டிகளை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பாதிக்குத் தவணை கொடுத்தார்கள். அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் அதுவும் போகும்.

நான் ஆறுதல் சொல்லப் போனேன். அவன் பாதித் தொட்டிக்கு ஏற்றபடி குழாயைச் சுருக்கிக்கொண்டிருந்தான். "உட்காருங்க மாமா. அந்த ஸ்பானரை எடுங்க," என்றான். ஆறுதல் சொல்ல இடமே வைக்கவில்லை.

பிறகு ஒருநாள். அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவன் மனைவி அங்கே போயிருந்தாள். வழி அவளுக்குப் பழக்கம், சுவரைப் பார்த்துக்கொண்டே சாலையில் நடந்து போய்விடுவாள். உள்ளே நுழையும்போது ஆராய்ச்சிப் பெண் டிரம் முன்னால் அசையாமல் நின்றிருந்தாள். மூன்று பேனாவும் கொண்டையிலேயே இருந்தன.

"அண்ணே, இது போகுது."

மச்சினன் வந்து பார்த்தான். திரை வளர்ந்த மீன்களில் ஒன்று. கோட்டின் பின்னால் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"எடு மீனை," என்றான்.

"அண்ணே, போகுதுண்ணே!"

"எடும்மா முதல்ல. பொடி போடணும்."

"காலைலயே போட்டாச்சு."

"இப்பப் போடு."

பொடி போட்டார்கள். அசையவில்லை. வெள்ளைக் காகிதம் வைத்து மீனை விட்டார்கள். மீன் நின்றது. காகிதத்தை எடுத்தார்கள். மீன் கிளம்பியது. அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார்.

"திருப்பி ஓட்டுங்க," என்றார்.

மச்சினன் நடைபாதைக்கு ஓடிப்போய் பெல்ட்டை மாற்றிக் கோத்தான். டிரம் எதிர்ப்பக்கம் சுழன்றது. அவன் மனைவி மீனை நேராகப் பார்க்காமல், முகத்தைச் சற்று ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அக்கறை இல்லையோ என்று அந்தப் பெண் நினைத்தாளாம். ஓரப்பார்வையில் அசைவது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நின்னுடுச்சு," என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. கொஞ்ச நேரம் கழித்து, "திரும்புது."

மீன் திரும்பி, கோடு போகிற பக்கமே போனது.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மீன்," என்றார். "ஒரு மீனை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

மச்சினன் நடைபாதையிலிருந்து வந்தபோது கையெல்லாம் கிரீஸ். மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தை நீட்டினாள், அவனுக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தபடி, அவன் முகம் தெரிகிற கோணத்தில்.

"அதுக்குத் தெரியுதுங்க," என்றாள்.

"தெரியுது."

"எனக்கு ஒண்ணும் சொல்லிடாதீங்க. வாக்குக் குடுக்கற வேலை இங்க கிடையாதுன்னு எனக்குத் தெரியும்."

"யார் சொன்னா குடுக்கப் போறேன்னு?" என்றான் அவன். பாத்திரத்தை வாங்கி அலமாரியின் மேல் வைத்தான். "கை கழுவிட்டு வர்றேன், இரு." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "அடுத்த மீனை எடும்மா. பொடியிலேர்ந்து ஆரம்பி," என்றான்.

வாஷர் வைத்த அந்தப் பெயின்ட் டின் டிரம் இப்போது எங்கள் வீட்டில் அழுக்குத்துணி போடுகிற கூடையாக இருக்கிறது. அடியில் அந்த வாஷரும் இருக்கிறது, நான்தான் கேட்டு வாங்கி வைத்தேன். பாதித் தொட்டிகளோடு அவர்கள் இன்னும் வேலை செய்கிறார்கள். வாசல்கதவை வந்து பார்க்கச் சொல்லி மச்சினனுக்கு எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. மீனெல்லாம் முடியட்டும் மாமா, வர்றேன் என்கிறான்.